சனிக்கிழமைக் கணினி வகுப்பு: உயர்நிலை மாணவர்களுக்குப் பழுதுபார்ப்பும் நெட்வொர்க்கும் கற்றுக்கொடுக்க வருவோருக்கு

மேசைமேல் ஒரு பழைய கணினி. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை. சுற்றி நிற்கும் மூன்று பிள்ளைகளில் ஒருவன் உடனே திருப்புளியை எடுத்துவிடுவான். எந்த ஆண்டு வகுப்பிலும் அப்படி ஒருவன் இருப்பான். "என்ன கோளாறு தம்பி?" என்றால் "கெட்டுப்போய்விட்டது அண்ணா" என்பான். "எது கெட்டுப்போயிருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது.

பாடம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 13 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு உதிரிபாகங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். அடுத்த வாரமே மறந்துவிடுவார்கள். கோளாறு எங்கே இருக்கலாம், எங்கே இருக்க முடியாது என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போகும் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் அது போகாது. வாரநாள்களில் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். சனிக்கிழமைகளில் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் கீழ்த்தள அறையில் இந்த வகுப்பை நடத்துகிறேன். இதுபோல் தொடங்க வேண்டும் என்று விசாரித்து வருபவர்களிடம் நான் சொல்வதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

இடம், ஆள், அனுமதி

சமூக மன்றத்தில் ஓர் அறை, வசிப்போர் குழு நிலையம், பள்ளியின் இணைப்பாட நடவடிக்கை நேரம், இவற்றுள் எது கிடைத்தாலும் போதும். நீளமான மேசைகளும் போதுமான மின்செருகிகளும் வேண்டும். தரைவிரிப்பு போட்ட அறையாக இருந்தால் வேறு அறை கேளுங்கள். காரணம் பின்னால் வருகிறது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் நேரம் முழுவதும் அறையில் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். இதில் தளர்வே கூடாது. ஒரு பெரியவருக்கு ஆறு பிள்ளைகள், ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள் என்பது என் கணக்கு. நான்காவது பிள்ளைக்குக் கையில் வேலை இருக்காது, கைப்பேசியை எடுத்துவிடும்.

சேர்க்கும்போது மதிப்பெண் கேட்காதீர்கள். 2024ஆம் ஆண்டு உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், வழக்கநிலை என்ற பிரிவுகளே இல்லை. பழைய பிரிவினையை நம் அறைக்குள் மறுபடி கொண்டுவர வேண்டாம். கணக்குப் பாடத்தில் தடுமாறும் பிள்ளை, 20 திருகாணிகளையும் வரிசை மாறாமல் கழற்றி அடுக்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் நாளே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2021 முடிவதற்குள் உயர்நிலை மாணவர் ஒவ்வொருவரிடமும் தமக்கென்று ஒரு கற்றல் சாதனம் இருக்கும்படி கல்வி அமைச்சு ஏற்பாடு செய்தது. ஆர்வம் மிகுந்த பிள்ளை முதலில் திறந்து பார்க்க நினைப்பது அந்தச் சாதனத்தைத்தான். அது படிப்புக்கு உரியது, உத்தரவாதம் உடையது, அதற்குள் பள்ளியின் நிர்வாக மென்பொருளும் இருக்கிறது. அதைத் திறப்பதோ, அந்த மென்பொருளை நீக்கிப் பார்ப்பதோ கூடாது. அதன் கட்டுப்பாட்டை எப்படித் தாண்டுவது என்று வகுப்பில் யாராவது கேட்டால், சிரித்து மழுப்பாமல் நேராக மறுத்துவிடுங்கள்.

எந்த மொழியில் நடத்துவது? வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கும் கணினிச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் வாயில் வரும். சொல் அப்படியே இருக்கட்டும், விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். ஒருமுறை ரவுட்டருக்குத் 'திசைவி' என்று ஒரு பெயர் இருப்பதாகச் சொன்னேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வதுதான் அதன் வேலையா?" என்று கேட்டாள். வீட்டில் தினமும் பார்க்கும் பெட்டியின் வேலை அவளுக்கு அன்றுதான் புரிந்தது. பெயருக்குள்ளேயே பொருள் தெரியும் தமிழ்ச்சொல் கிடைத்தால் விடாதீர்கள்.

கணினிகளைத் திரட்டுவது

மடிக்கணினியில் தொடங்காதீர்கள். மேசைக்கணினியில் எல்லாமே பெரிதாக, கை நுழையும்படி, தவறு செய்தாலும் தாங்கும்படி இருக்கும். பத்துப் பிள்ளைகளுக்கு நான்கு கணினிகள் போதும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ, புதிய பிராசஸரோ (கணினியின் மூளையான சில்லு) இல்லாத, மற்றபடி நல்ல நிலையில் இருக்கும் கணினிகள் அலுவலகங்களிலும் வீடுகளிலும் ஒதுங்கிக் கிடக்கின்றன. உறவினர்களிடமும் நண்பர்களிடமும் சொல்லிவையுங்கள். வீடு தேடி வரும்.

வாங்கும்போதே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உரியவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். "அழித்துவிட்டேன், பரவாயில்லை" என்பார்கள். அழித்ததாக நினைத்த படங்களும் வங்கி ஆவணங்களும் சாதாரண மென்பொருளிலேயே மீண்டு வரக்கூடும். பிள்ளைகள் முன்னால் அது நடக்கக் கூடாது. அதற்குப் பதிலாகச் சிறிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவினால் பத்து வயதான கணினியும் வகுப்புக்குத் தாராளமாக ஓடும். காசு செலவில்லாத மென்பொருள் என்பதால், பிள்ளைகள் எத்தனை முறை அழித்து மறுபடி நிறுவினாலும் கவலை இல்லை. நிறுவுவதே ஒரு பாடம்.

கருவிகள் வாங்க ரோச்சோர் பக்கம் போனால் போதும். கணினிப் பொருள்களுக்குச் சிம் லிம் ஸ்குவேர். மல்டிமீட்டர், கம்பி, சிறு மின்னணு உதிரிகளுக்கு அருகிலுள்ள சிம் லிம் டவர். முன்பெல்லாம் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் தரையில் விரித்த துணிமேல் பழைய மின்சாதனங்கள் கிடக்கும். பிரித்துப் பார்ப்பதற்கென்றே வாங்கி வருவேன். 2017 ஜூலையில் அந்தச் சந்தை மூடப்பட்டபோது எனக்கு ஒரு பள்ளிக்கூடமே போனதுபோல் இருந்தது. இப்போதைக்குத் தேவையானவை: நட்சத்திர முனைத் திருப்புளி இரண்டு அளவுகளில், கம்பியில் முனையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி, நெட்வொர்க் கம்பி டெஸ்டர், கேட் 5இ நெட்வொர்க் கம்பி ஒரு சுருள், அதற்கான ஆர்ஜே45 முனைகள் நூறு, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஐந்து துளையுள்ள சுவிட்ச் பெட்டி, பழைய ரவுட்டர் ஒன்று, சாதாரண மல்டிமீட்டர். இவற்றோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். இந்த நோட்டை விட்டுவிட்டு மற்றதெல்லாம் வாங்கினால் வகுப்பு நடக்காது.

மின்சாரம்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கணினியின் உள்ளே 12 வோல்ட்டுக்கு மேல் கை படும் இடம் அநேகமாக இல்லை, பவர் சப்ளை பெட்டியைத் தவிர. ஆகவே விதிகள் குறைவு, ஆனால் கடுமையானவை. திறப்பதற்கு முன் செருகியைச் சுவரிலிருந்து முழுவதும் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு கணினியின் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே மிஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். சில நேரம் விசிறி ஒரு சுற்று சுற்றி நிற்கும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்சாரம் இருக்கிறது என்பதை அதைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது.

பவர் சப்ளையை ஒருபோதும் திறக்கக் கூடாது. அதன் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகள் செருகியைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பின்னும் ஆபத்தான மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். கெட்டுவிட்டதா, அப்படியே மாற்றிவிட வேண்டும். உப்பிய மடிக்கணினி பேட்டரியைப் பார்த்தால் அழுத்தாமல், குத்தாமல், சார்ஜ் செய்யாமல், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். குப்பையில் போடவே கூடாது. நம் மூன்றுமுனைச் செருகிக்குள் ஃபியூஸ் ஒன்று இருப்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. "கணினிக்கு உயிரே இல்லை" என்று வரும் கோளாறுகளில் சில அந்தச் சிறு ஃபியூஸோடு முடிந்துவிடும்.

தரைவிரிப்பு வேண்டாம் என்றதற்குக் காரணம் நிலைமின்சாரம். வெளியே நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அந்தத் தொல்லை குறைவு. குளிரூட்டிய அறையில் விரிப்பின்மேல் நடந்து வந்து ரேம் என்ற நினைவகப் பலகையைத் தொட்டால் கதை வேறு. தொடுவதற்கு முன் கணினிப் பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியில் கை வைக்கச் சொல்லுங்கள்.

திறப்பது, மூடுவது

முதல் வகுப்பில் எதையும் பழுதுபார்க்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல கணினியை அணைத்து, திறந்து, எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி பொருத்தி, ஓட வைக்க வேண்டும். கேட்பதற்கு எளிது, இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

கழற்றும் முன் நோட்டில் கணினியைப் படமாக வரையச் சொல்லுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. பிறகு அதே படத்தை ஒரு தடித்த அட்டையில் வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அது வந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைக்க வேண்டும். பின்னாளில் மடிக்கணினிக்கு வரும்போதுதான் இந்த அட்டையின் அருமை தெரியும். மடிக்கணினியின் அடிப்பாகத்தில் நான்கு மில்லிமீட்டர் திருகாணியும் எட்டு மில்லிமீட்டர் திருகாணியும் அடுத்தடுத்து இருக்கும். ஒரு மாணவன் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுவிட்டு, நீளமானதைக் குட்டையான இடத்தில் இறுக்கினான். இறுகவில்லையே என்று இன்னொரு சுற்று. விசைப்பலகைப் பக்கம் ஒரு சின்னப் புடைப்பு எழும்பியது, 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் திட்டவில்லை. அந்தப் புடைப்பைத் தடவிப் பார்க்கும்படி எல்லாருக்கும் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் அட்டையை மறக்கவில்லை.

இந்தக் கட்டத்தில் உங்களுக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. பிள்ளை ரேமைத் தலைகீழாகச் செருகப் பார்ப்பான். உங்கள் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். "அந்தப் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்" என்று சொன்னால் போதும். உயிருக்கோ பொருளுக்கோ ஆபத்து என்றால் தவிர, பெரியவர் கை கணினிக்குள் போகக் கூடாது என்பதை நான் எனக்கே விதித்துக்கொண்டிருக்கிறேன்.

வைத்த கோளாறுகள்

வகுப்பின் உயிரே இந்தப் பகுதிதான். குறைந்தது நான்கு வாரம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் போய், ஒவ்வொரு கணினியிலும் ஒரு கோளாறை நீங்களே வைத்துவிடுங்கள். ரேமைச் சற்றே தளர்த்தி விடலாம். எஸ்எஸ்டியின் கம்பியைப் பிடுங்கலாம். முன்பொத்தானிலிருந்து, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுக்கு வரும் மெல்லிய கம்பியை ஓர் ஊசி தள்ளிச் செருகலாம். தனி கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால், திரையின் கம்பியை அதில் செருகாமல் மதர்போர்டின் துளையில் செருகி வைக்கலாம். நெடுநாள் அனுபவம் உள்ளவர்களையும் இது ஏமாற்றும்.

விதி இதுதான்: மூன்று குறிப்புகள் எழுதும்வரை யாரும் கணினியைத் தொடக் கூடாது. கண்ணுக்குத் தெரிவது என்ன, காதில் கேட்பது என்ன, இவற்றை வைத்துப் பார்த்தால் எது கெட்டிருக்க முடியாது. மூன்றாவதுதான் கடினம். முதலில் எல்லாரும் "எது கெட்டிருக்கிறது" என்றே எழுதுவார்கள். அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்கள்.

ஒரு சனிக்கிழமை நான் பிராசஸருக்குத் தனியாக மின்சாரம் தரும் நான்கு ஊசிச் செருகியைப் பிடுங்கி வைத்திருந்தேன். அந்தக் கணினி ஒரு மாணவிக்குப் போனது. அவள் நோட்டில் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது: "விசிறி சுற்றுகிறது. ஆகவே சுவரிலிருந்து மின்சாரம் வருகிறது, பவர் சப்ளை முழுவதும் சாகவில்லை. திரை இருட்டு. பீப் சத்தம் இல்லை." திரையைப் பக்கத்துக் கணினியில் மாட்டிப் பார்த்தாள், வேலை செய்தது. "திரை நல்லது" என்று எழுதினாள். ரேமைக் கழற்றிவிட்டு ஓட்டினாள். ரேம் இல்லையென்றால் இந்தக் கணினி பீப் அடிக்கும் என்று போன வாரம் கற்றிருந்தாள். இப்போதும் சத்தமே இல்லை. பேனாவை வாயில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தாள். பிறகு, "ரேம் இல்லை என்று புகார் சொல்லக்கூட இதற்கு உயிர் இல்லை. அப்படியென்றால் புகார் சொல்ல வேண்டிய ஆளே விழிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் பிராசஸரைச் சுற்றித் தேட ஆரம்பித்தாள். இரண்டு நிமிடத்தில் தொங்கும் செருகியைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்த வாக்கியமே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் என்பதையும் இங்கேயே பழக்கிவிடுங்கள். ரேமையும் கம்பியையும் ஒன்றாக மாற்றிக் கணினி ஓடிவிட்டால், எது காரணம் என்று தெரியாது. ஓடிய கணினியை மறுபடி கெடுத்து, ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

கம்பி

நெட்வொர்க்கை ஏழு அடுக்குகள் கொண்ட மாதிரிப் படத்திலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பியில் தொடங்குங்கள். கையால் செய்த கம்பியில் முதல்முறை பச்சை விளக்கு மின்னும்போது பிள்ளைக்கு வரும் பெருமையை எந்தப் படமும் தராது.

முனைக்குள் கம்பிகளை அடுக்கும் டி568பி என்ற நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. மேல்தோலை ஓர் அங்குலம் உரித்து, முறுக்கைப் பிரித்து, நேராக்கி, இந்த வரிசையில் அடுக்கி, ஒரே வெட்டாக வெட்டி, முனைக்குள் தள்ளி அழுத்த வேண்டும். முறுக்குப் பிரிந்த பகுதி 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெளித்தோலும் முனைக்குள் நுழைந்து கவ்வப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நாலு முறை இழுத்ததும் கழன்றுவிடும். முதல் கம்பி அநேகமாக வேலை செய்யாது, மூன்றாவது செய்யும். நூறு முனை வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

வரிசையைப் பார்த்ததும் கூர்மையான பிள்ளை ஒன்று கேட்கும்: "பச்சை ஜோடியை ஏன் பிரித்து நடுவில் நீலத்தை வைக்கிறோம்? ஜோடி ஜோடியாக வைத்தால் நினைவில் வைக்கச் சுலபம் அல்லவா?" இந்தக் கேள்வி வந்தால் அன்றைய திட்டத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அந்தப் பிள்ளை சொன்னபடியே இரண்டு முனையிலும் ஜோடி ஜோடியாக வைத்து ஒரு கம்பி செய்யச் சொல்லுங்கள். டெஸ்டரில் மாட்டினால் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். வகுப்பே ஆசிரியர் தோற்றார் என்று மகிழும். பிறகு அதே முறையில் நீளமான ஒரு கம்பியைச் செய்து, பெரிய கோப்பு ஒன்றை அனுப்பிப் பாருங்கள். வேகம் விழும், இணைப்பு அறும், சில நேரம் இணைப்பே வராது.

காரணம் முறுக்கில் இருக்கிறது. ஒரு சமிக்ஞை இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகிறது. ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதால் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறிக் கழிந்துவிடுகிறது. சாதனம் மூன்றாம் ஊசியையும் ஆறாம் ஊசியையும் ஒரு ஜோடியாகக் கருதுகிறது. பிள்ளை செய்த கம்பியில் அந்த ஊசிகளுக்குப் போவது ஒரு பச்சையும் ஒரு நீலமும். அவை ஒன்றோடொன்று முறுக்கப்படாத அந்நியர்கள். இரைச்சல் கழிவதில்லை. மலிவான டெஸ்டர் மின்சாரம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. யார் யாரோடு முறுக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. கருவி எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிக்கவில்லை என்று கேட்கும் வழக்கம் அந்த ஒரு கம்பியிலிருந்து வந்துவிடும்.

இன்னொரு சிறு சோதனை: பழுப்பு ஜோடியை மட்டும் வெட்டிவிடுங்கள். நொடிக்கு 1,000 மெகாபிட் போக வேண்டிய இணைப்பு பெரும்பாலும் 100க்கு இறங்கி ஓடும், ஏனென்றால் 100க்கு இரண்டு ஜோடி போதும், 1,000க்கு நான்கும் வேண்டும். "இணையம் மெதுவாக இருக்கிறது" என்ற புகாருக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

முகவரி

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினியையும் அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை விளக்கச் சிங்கப்பூரைவிட வசதியான ஊர் இல்லை. 1995இலிருந்து நம் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். ஒவ்வொரு புளோக்குக்கும் தனிக் குறியீடு. தோ பாயோவில் ஒரு புளோக்கில் #05-120 இருக்கும். ஈசூனில் வேறொரு புளோக்கிலும் #05-120 இருக்கும். கடிதம் குழம்புவதில்லை, ஏனென்றால் குறியீடு வேறு. 192.168.1.5 என்ற முகவரியும் அப்படித்தான். உங்கள் வீட்டிலும் இருக்கும், பக்கத்து வீட்டிலும் இருக்கும். வெளி உலகுக்குத் தெரிவது ரவுட்டருக்குச் சேவை நிறுவனம் தந்த முகவரி மட்டுமே. கீழ்த்தளத்துத் தபால் பெட்டிகளில் கடிதங்களைப் பிரித்துப் போடுபவரைப்போல ரவுட்டர் உள்ளே பிரித்துக் கொடுக்கிறது. இந்த ஒப்புமை ஓர் இடத்தில் முறியும்: வெளியே போகும் கடிதத்தில் ரவுட்டர் அனுப்புநர் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி எழுதி, யார் அனுப்பினார் என்று குறித்துவைத்துக்கொள்கிறது; எந்தத் தபால்காரரும் அப்படிச் செய்வதில்லை. முறியும் இடத்தையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

இனி இரண்டு கணினிகளைச் சுவிட்சில் இணைத்து, கையால் முகவரி எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் ("இருக்கிறாயா?" என்று கேட்டுப் பதில் வாங்கும் சோதனைச் செய்தி) அனுப்பச் செய்யுங்கள். பிறகு ரவுட்டரை மாட்டித் தானாக முகவரி வாங்கச் செய்யுங்கள். அப்படித் தானாக முகவரி தரும் டிஎச்சிபி சேவையை ரவுட்டரில் அணைத்துவிட்டு விண்டோஸ் கணினியை மறுபடி ஓட்டினால் 169.254 என்று தொடங்கும் முகவரி வரும். "கேட்டேன், யாரும் பதில் தரவில்லை, நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்" என்று கணினி சொல்வதாக அதைப் படிக்கப் பழக்குங்கள்.

இணையம் வரவில்லை என்றால் கேட்கும் வரிசை: கம்பியில் விளக்கு எரிகிறதா, எனக்கு முகவரி இருக்கிறதா, ரவுட்டருக்குப் பிங் போகிறதா, 8.8.8.8 என்ற வெளி முகவரிக்குப் போகிறதா. பெயர் சொன்னால் போகிறதா. எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகவில்லை என்றால் கோளாறு அநேகமாக டிஎன்எஸ், அதாவது பெயரை எண்ணாக மாற்றும் முகவரிப் புத்தகம். இந்த ஐந்து கேள்விகளும் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கற்ற பின் ஒரு கலப்புக் கோளாறு வையுங்கள். மதர்போர்டில் உள்ள 2032 பொத்தான் பேட்டரியைத் தீர்ந்துபோன ஒன்றாக மாற்றி, தானாக நேரம் சரிசெய்யும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும்; பிங் எல்லாம் போகும், இணையத்தளங்கள் மட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று மறுக்கும். ரவுட்டர், கம்பி என்று தேடி அலுத்துவிட்டு, திரையின் மூலையில் இருக்கும் தேதியைக் கவனிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் ஒவ்வொரு ஆண்டும் இதை வைக்கிறேன்.

வைஃபையும் சட்டமும்

வைஃபைக்கு வீட்டுப்பாடம் போதும். வீட்டின் வரைபடத்தை வரைந்து, கைப்பேசிச் செயலி ஒன்றால் ஒவ்வோர் அறையிலும் சமிக்ஞை அளவை எழுதி வரச் சொல்லுங்கள். -50 என்றால் நன்று, -80 என்றால் மோசம். 1990களின் இறுதிக்குப் பின் கட்டிய வீவக வீடுகளில் நாம் சாமான் அறையாக வைத்திருக்கும் பாதுகாப்பு அறையின் தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் அந்த எண்ணில் பளிச்சென்று தெரியும். ஒரு மாணவனின் வீட்டில் பார்வைக்கு அழகாக இல்லை என்று ரவுட்டரையே அந்த அறைக்குள் வைத்திருந்தார்கள். ரவுட்டரை வெளியே எடுத்து வைத்ததோடு அவன் அக்காளின் அறைக்கு இணையம் வந்துவிட்டது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அடுக்குமாடியில் அவற்றைப் பங்கிட்டுக்கொள்ள எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பக்கத்து வீட்டு வைஃபைகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் ஒரு குறும்பு முளைக்கும். அது செயலாக மாறும் முன் சட்டத்தைச் சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் கணினி முறைகேட்டுச் சட்டம் 1993இலிருந்து இருக்கிறது. 2006 இறுதியில் 17 வயது இளையர் ஒருவர் அண்டை வீட்டு வைஃபையை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக அந்தச் சட்டத்தின்கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. கதவு திறந்திருக்கிறது என்பது உள்ளே போக அனுமதி ஆகாது. தரவுப் பொட்டலங்களைப் பார்க்கும் வயர்ஷார்க் போன்ற கருவிகளை, இணையத்தோடு இணைக்காத நம் சுவிட்சில், நம் கணினிகளுக்கு இடையே மட்டும் காட்டுங்கள். நிறைய ரவுட்டர்கள் வாங்க முடியாது என்பதால் பெரிய நெட்வொர்க் பயிற்சிக்கு சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் உதவும்; இலவசம்தான்.

பழுதுபார்க்கும் நாள்

பன்னிரண்டு வாரம் ஆனதும், அக்கம்பக்கத்தாரின் கணினிகளைப் பிள்ளைகள் பார்க்கும் நாள் ஒன்றை வையுங்கள். அதற்கு முன், பழுதான வீட்டுப் பொருள்களைச் சரிசெய்யத் தன்னார்வலர்கள் உதவும், 2014இலிருந்து நடந்துவரும் ரிப்பேர் கோப்பித்தியாம் போன்ற அமர்வு ஒன்றுக்குப் போய், தன்னார்வலர்கள் வருபவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பிள்ளைகள் கவனித்து வருவது நல்லது. முதல் கேள்வி எப்போதும், "பாட்டி, இதில் உங்களுக்கு முக்கியமான படமோ கோப்போ இருக்கிறதா?" என்பதாக இருக்க வேண்டும். நகல் எடுக்காமல் எதையும் தொடக் கூடாது. கடவுச்சொல்லை உரிமையாளரே தட்டச்சு செய்யட்டும். "சரியாகிவிடும்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், "பார்க்கிறோம்" என்று சொன்னால் போதும். பெரும்பாலானவை வேகம் குறைந்த மடிக்கணினிகளாக இருக்கும். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் உரிமையாளர் இது தம் கணினிதானா என்று கேட்பார்.

மிஞ்சும் உடைந்த பாகங்களைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2021 ஜூலையிலிருந்து மின்கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர்கள்மேல் இருக்கிறது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் அதற்கென்று தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். எதைப் போடலாம் என்று தொட்டியிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

சில கணினிகள் சரியாகாமலே திரும்பிப் போகும். அவற்றுக்கும் ஒரு குறிப்பு எழுதி உரிமையாளர் கையில் கொடுக்கச் செய்யுங்கள். கடைக்குக் கொண்டுபோனால் அவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. சென்ற முறை உயர்நிலை மூன்று மாணவன் ஒருவன் ஒரு தாத்தாவுக்கு எழுதிக்கொடுத்தது இது: "அடாப்டர் நல்லது, 19 வோல்ட் வருகிறது. சார்ஜ் துளையும் ஆடவில்லை. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தோம், மாற்றமில்லை. கோளாறு மதர்போர்டின் சார்ஜ் பகுதியில் இருக்கலாம், எங்களால் அதைச் சரிசெய்ய முடியாது. எஸ்எஸ்டி நன்றாக இருக்கிறது. உங்கள் பேரன் பேத்தி படங்கள் 412, இந்தப் பென்டிரைவில் இருக்கின்றன."